ஏழு பீப்பாய்கள்

வருடத்தில் இரண்டு சனிக்கிழமை
லாங்கென்தால் நகரம் தன் நஞ்சைக் கொண்டுவந்து
என் மேசையில் வைக்கிறது.

தீயணைப்பு நிலைய முற்றம். கையுறை இரண்டு அடுக்கு.
என் முதுகுக்குப் பின்னால் ஏழு பீப்பாய்,
ஏழுக்கும் ஏழு கதி.
கார்கள் கழுவித் துடைத்து வரிசையில் நிற்கின்றன,
கல்யாணத்துக்கு வந்தவைபோல்.
பின்பெட்டி திறந்தால்
மூடி துருவேறிய வர்ணம், எலி மருந்து,
பாதி பாவித்த நகப்பூச்சு,
தாத்தா காலத்துக் களைக்கொல்லி.

"இதையெல்லாம் என்ன செய்வீர்கள்?"
பத்தில் ஒருவர் கேட்பார்.
மற்ற ஒன்பது பேருக்கும் வேண்டியது வெறுங்கை.

களைக்கொல்லி உலைக்குப் போகும்.
ஆயிரத்து நூறு பாகை, இரண்டு விநாடி.
அதில் குறைந்தால் அது சாவதில்லை,
வேறொன்றாய்ப் பிறக்கும், முன்னதைவிடக் கெட்டதாய்.
மறுபிறவிக்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அமிலத்தைச் சுண்ணாம்பால் ஆற்றலாம்.
ஆறும்வரை கொதிக்கும், பிறகு சேறு.
சேற்றுக்கு ஒரு குழி வேண்டும்,
குழிக்கு ஒரு ஊர்.
ஊரில் வாக்கெடுப்பு வைப்பார்கள், வேண்டாம் என்று வரும்.
வேண்டாம் என்று சொல்லாத ஊரைத் தேடி
லொறி போய்க்கொண்டே இருக்கும்.

தண்ணீர் விட்டுக் கரைத்தால் தீர்ந்தது, என்கிறார்
ஸ்கோடாவில் வந்த ஒரு கணக்காளர்.
ஆற்றில் கரைத்த புளி என்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு.
புளிக்கு அது சரி.

பாதரசம்தான் பிடிவாதம்.
எரித்தால் புகையோடு ஏறி மழையோடு இறங்கும்.
அதனால் கந்தகத்தோடு சேர்த்துச் சிவக்க வைத்து
எல்லைக்கு அப்பால் உப்புச் சுரங்கத்தில் அடுக்குகிறார்கள்.
ரசத்தைக் கட்டுகிறோம் என்று
சித்தர்கள் மலை மலையாய் அலைந்தது
தாங்கள் சாகாமல் இருக்க.
இது மற்றவர் சாகாமல் இருக்க.
படிவம் மட்டும் கூடுதல், ஆறு பிரதி.

பதினொன்றரைக்கு ஹெர் க்ஃபெல்லர் நடந்து வந்தார்.
காரில்லை. பேருந்தில், மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்
துணிப்பைக்குள் ஒரு தவிட்டு நிறப் போத்தல்.
அப்பாவின் மருந்துக்கடை, நிலவறை, கடைசித் தட்டு.
பையை உருவி என் கையில் தந்தார்,
போத்தலை மேசையில் வைத்தார்.
லேபிள் இல்லை.
மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம்,
பாகு காய்ந்ததுபோல.

"தீப்புண்ணுக்குப் பூசுவார் அப்பா."

தீப்புண். மஞ்சள். காய்ந்தது.
மூன்றும் கூடும் இடத்தில் ஒரே பெயர்: பிக்ரிக் அமிலம்.
ஈரம் இருக்கும்வரை மருந்து, பட்டுக்குச் சாயம்.
வற்றினால் வெடி.
மூடியைத் திருக வேண்டும், அவ்வளவுதான்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.
"வாருங்கள்," என்றேன், "இங்கே நிற்க வேண்டாம்."
ரெட்டோ தொலைபேசியை எடுத்தான்.
கார்கள் பின்னோக்கி ஊர்ந்தன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

எரிக்க, ஆற்ற, கட்ட, புதைக்க,
பீப்பாய்கள் ஏழும் வாய் திறந்தபடி.
எட்டாவது முறையை யாரும் எனக்கு ஜெர்மனில் சொல்லித்தரவில்லை.
மண்டையோட்டுப் பலகை நட்ட வயலோரம்
பள்ளிக்கு நடந்தவள் நான்.
தொடாதே. அவ்வளவுதான் அந்த முறை.

எதிர்ப்பக்க நடைபாதையில் இருவரும் நின்றோம்.
வெதுப்பகத்தின் வெண்ணெய் வாசம்.
அவர் வந்த வழியில் மூன்று வேகத்தடை,
நானும் அதே பேருந்துதான்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
"மன்னிப்புக் கேட்க வேண்டுமா?" என்றார்.
யாரிடம் என்று எனக்கும் தெரியவில்லை.

பேர்னிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்,
மணல் நிரப்பிய பெட்டியோடு.
நாட்டியக்காரரைப்போல் மெதுவாய் நகர்ந்தார்கள்.
மூன்று மணிக்கு, ஊருக்கு வெளியே சரளைக்கல் குழியில்
ஒரு சத்தம், கதவை அறைந்த அளவு.
மைதானத்தில் பந்து ஒரு கணம் நின்று
மறுபடி உருண்டது.

க்ஃபெல்லர் இன்னும் போகவில்லை.
துணிப்பையைத் திருப்பித் தர முடியுமா என்றார்.
நல்ல பை, மனைவி தைத்தது.

நனைத்து, கட்டி,
மூன்றாம் பீப்பாயில் போட்டிருந்தேன்.